மஞ்சள் கரை போட்ட கறுப்புச் சேலை

எனக்குக் கறுப்பு ஆகாது. ஆகாது என்று நானாக முடிவு செய்யவில்லை; நான் பிறப்பதற்கு முன்பே எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருந்தார்கள். கோம்பையில் எங்கள் வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், அது கண்ணைத் திறந்து சரியாகப் பார்க்கும் முன்னே நிறங்கள் அதன் உடம்பில் ஏறிவிடும். இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் கறுப்புப் பொட்டு, இரண்டும் திருஷ்டிக்கு. சமைந்தால் மஞ்சள். கல்யாணத்துக்குச் சிவப்பு. புருஷன் போய்விட்டால் வெள்ளை. அதற்கப்புறம் மாற்றமே கிடையாது. கறுப்பை நாங்கள் வாசல் காவல்காரனைப் போலத்தான் வைத்திருந்தோம். காவலுக்கு வேண்டும், பந்தியில் உட்காரக் கூடாது.

இதையெல்லாம் நான் முழுக்க நம்பினேன். சிவப்புச் சேலை உடுத்துகிற அன்று என் குரலே கொஞ்சம் உரக்க வரும். வெள்ளைச் சேலைக்காரி எதிரே வந்தால், அவள் எனக்குச் சோறூட்டி வளர்த்த சொந்தமாகவே இருந்தாலும், கால் தானாக ஒரு நொடி நிற்கும். கால் நிற்பதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. துணியின் நிறத்தைப் பார்த்ததும் உடம்பு அதுவாகவே ஒன்றைச் செய்துவிடும்; மனசு பின்னால்தான் வந்து சேரும்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது என்னை அனுமந்தன்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். தூரம் என்னவோ அதிகமில்லை. ஆனால் நாங்கள் மிளகாயும் சோளமும் போடுகிற மானாவாரிக்காரர்கள், அவர்கள் வாய்க்கால் தண்ணீரில் நெல் போடுகிறவர்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அதிர்ந்து ஒரு சொல் வராது. அதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் வேறு. கல்யாணத்தன்று இரண்டு கையிலும் மருதாணி பற்றிச் சிவந்து கிடந்தது. ஊரே பார்த்து வாயைப் பிளந்தது. நான் அவர் முன்னால் கையை விரித்து நீட்டினேன். அவர் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "கையில என்ன, வலிக்குதா?" என்று கேட்டார். அன்றே எனக்குள் ஒரு முள் தைத்துவிட்டது. பிறகும் நான் பொட்டு வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

தலைத்தீபாவளிக்கு நான் முன்னதாகவே கோம்பைக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது, என்ன சேலை வேண்டும் என்று அவராகவே கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "செவப்புச் சேலை. மஞ்சக் கரை போட்டு இருக்கணும்" என்றேன். துணிக்குத் தட்டுப்பாடு வந்த காலம். தேனியில் கடை கடையாக ஏறி இறங்கித்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வந்தார்.

தீபாவளி விடியலில், எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு எல்லாரும் கூடி நின்றோம். முனையில் மஞ்சள் தடவிக் கொடுப்பதற்காக என் அப்பா பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். உள்ளே மஞ்சள் கரை போட்ட சேலை இருந்தது. கரை மட்டும்தான் மஞ்சள். உடம்பு முழுக்கக் கன்னங்கரேலென்று கறுப்பு.

சிவப்பாக இருந்திருந்தாலும் அதே நூல், அதே நெசவு, கையில் எடுத்தால் அதே கனம்தான் இருந்திருக்கும். ஆனால் அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. என் ஆத்தா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டது.

"என்னப்பா இது?" என்றார் அப்பா.

"செவப்புன்னுதான் எடுத்தேன் மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

"மீச மொளச்ச ஆம்பளைக்குக் கறுப்புக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும்? தல தீவாளிக்குப் பொண்டாட்டிக்குக் கறுப்புத் துணி கொண்டாந்துருக்கியே, அவ நாசமாப் போகணும்னு நெனக்கிறியா?"

அவர் சேலையையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இலை போட்டிருந்தது. சாப்பிடாமல் போய்விட்டார். அப்பா என்னை அனுப்பவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை. சகுனத்துக்குப் பயந்தது அவர்கள். எனக்கு ஆத்திரம்தான். மஞ்சள் கரையை மறக்காத மனுஷன் சிவப்பை மட்டும் எப்படி மறப்பான்? வேண்டுமென்றே செய்தது என்று என் மனசு அடித்துச் சொன்னது.

பொங்கலும் போய்விட்டது. பங்குனிக்குள் ஊர்க்கூட்டம் போட்டுக் கல்யாணத்தை அத்துவிட்டுவிடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்தார். எங்களில் அத்துவிடுவதும் மறுபடி கட்டிக் கொடுப்பதும் நடக்கிறதுதான். எனக்கு அதைக் கேட்கக் கேட்கச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ரோஷம் விடவில்லை.

அந்தச் சேலையை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எரிக்கச் சொல்லித்தான் அப்பா சொன்னார். துணி கிடைக்காத காலத்தில் எந்தப் பொம்பளை எரிப்பாள்? மாசிப் பனிக்கு, வீட்டை ஒட்டிய களத்தில் கிடந்த மிளகாய் வற்றல்மேல் ஆத்தா அதைப் போர்த்தி வைத்தது.

ஒருநாள் மத்தியானம் நான் களத்தில் உட்கார்ந்து வற்றல் பிரித்துக்கொண்டிருந்தேன். சிவந்த வற்றல் ஒரு பக்கம், அழுகிக் கறுத்தது ஒரு பக்கம். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் வந்து நின்றார். இளைத்திருந்தார். ஆத்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், மரியாதைக்கு மோர் வாங்கி வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. அவர் குவியலுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தானும் பிரிக்க ஆரம்பித்தார். நான் கழித்துப் போட்ட கறுத்த வற்றலை எடுத்து எடுத்து நல்ல வற்றலோடு போட்டார்.

"கேலியா பண்றீக? கறுத்தது எது, நல்லது எதுன்னு தெரியலையா?"

"தடவிப் பாத்துட்டுத்தான் போடுறேன். ரெண்டும் நல்லாக் காஞ்சுதான இருக்கு?"

கேலி செய்கிறவர் குரல் இல்லை அது. நான் அவருடைய கையைப் பார்த்தேன். ஒவ்வொரு வற்றலையும் விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையே அதன்மேல் இல்லை. எனக்குள் என்னவோ தட்டியது. எழுந்து உள்ளே போனேன். நெற்றியில் குங்குமம் இருந்தது. மைச்சிமிழைத் திறந்து, கன்னத்தில் குழந்தைக்கு வைக்கிற மாதிரி ஒரு மைப்பொட்டு வைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நெத்தியில என்ன நெறம், கன்னத்துல என்ன நெறம்?"

"நெத்தியில செவப்பு, கன்னத்துல கறுப்பு" என்றார் பட்டென்று.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கண் நன்றாகத்தானே இருக்கிறது! அப்படியானால் எல்லாம் வேஷம். எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினேன். அப்போதுதான் தோன்றியது, அவர் பதில் சொன்ன வேகம் பார்த்துச் சொன்ன வேகம் இல்லை, மனப்பாடம் ஒப்பித்த வேகம்.

மறுபடி உள்ளே போனேன். முந்தானையை நனைத்து நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தேன். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. புருஷன் உயிரோடு இருக்க, தன் கையால் குங்குமத்தை அழிக்கிறவள் எங்கள் பக்கம் யாரும் கிடையாது. அழித்துவிட்டு, நெற்றியில் மையையும் கன்னத்தில் குங்குமத்தையும் வைத்துக்கொண்டு வந்தேன்.

"இப்பச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "மறுபடியுமா? நெத்தியில செவப்பு, கன்னத்துல கறுப்பு."

"தீவாளிச் சேலைய எப்பிடிப் பாத்து எடுத்தீக?" என்று கேட்டேன்.

"மஞ்சக் கரையப் பாத்து எடுத்தேன். மஞ்சளும் நீலமும் எனக்கு நல்லாத் தெரியும். இந்தச் செவப்பும் கறுப்பும்தான் எப்பவும் கொழப்பும். எல்லாருக்கும் அப்பிடித்தான்னு இருந்தேன். நெத்தியில இருந்தாச் செவப்பு, கன்னத்துல இருந்தாக் கறுப்புன்னு எடத்த வெச்சுத்தான் எல்லாரும் சொல்றாகன்னு நெனச்சேன்."

"இப்ப மாத்தி வெச்சிருக்கேன்" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பாவம், எவ்வளவு பார்த்தாலும் அவருக்கு அது தெரியப் போவதில்லை.

நெல் விளைகிற ஊரில் இது எப்படி வெளியே வரும்? நெல் பழுத்தால் மஞ்சள். அது அவருக்குத் தெரியும். மிளகாய் பழுக்கிற ஊரில் பெண் எடுத்ததுதான் வினை. என் மருதாணி அவருக்குக் கையில் என்னவோ அடிபட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. நான் மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் பொசுங்கியதெல்லாம் அந்த ஒரு நொடியில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மோரோடு வந்த ஆத்தா என் நெற்றியைப் பார்த்துவிட்டு வீறிட்டது. "அடிப்பாவி மகளே, என்னடி இது!" என்று தன் முந்தானையாலேயே என் முகத்தைத் தேய்த்தது. சத்தம் கேட்டு அப்பா தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொன்னால் கோபம் தணியும் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் இன்னும் இறுகியது.

"இது அதவிட மோசம்ல! கண்ணுல கோளாறு இருக்கவனுக்கா ஒன்னக் கொடுத்தேன்? இன்னைக்கு நெறம் தெரியல. நாளைக்கு ஆளே தெரியாமப் போச்சுன்னா? பேசாம நீ உள்ள போ மகளே. பங்குனியில முடிச்சு விட்டுருவோம்."

என் வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். போகிற முடிவோடு நின்றார். இனி நான் பேசாமல் இருந்தால் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வற்றல்மேல் கிடந்த கறுப்புச் சேலையை உருவி எடுத்தேன். நாலு உதறு உதறினேன். எல்லாரும் தும்மினார்கள். உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆத்தா வாசலில் மறித்தது. "கறுப்பையா உடுத்திட்டுப் போற? எதுக்க வாறவுக என்ன சொல்வாக?"

"அவுக செவப்புன்னுதான் ஆத்தா எடுத்தாக. நானும் செவப்புன்னுதான் உடுத்தியிருக்கேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோடு எங்கள் தெருவில் நடந்தபோது, எதிரே வந்த பெண்களுக்குக் கால் ஒரு நொடி நின்றது. வெள்ளைச் சேலைக்கு என் கால் நிற்குமே, அதே மாதிரி. மற்றவள் கால் நிற்பதை எதிரில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் நிற்கவில்லை.

ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் வேடிக்கை. வற்றல் நெடி ஏறிய சேலை. வெயிலும் வேர்வையும் சேர்ந்ததும் கழுத்து, இடுப்பு, முதுகு எல்லாம் தீயாக எரிந்தது. ரோஷத்தில் அலசாமல் கட்டியது என் புத்தி. சொறிந்துகொண்டும் முனகிக்கொண்டும் நடந்தேன். உத்தமபாளையம் தாண்டி வாய்க்கால் வந்ததும் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் துண்டை நனைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிறீக? கறுப்புத்தான் இது. நல்லாத் தெரிஞ்சுக்கங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியல" என்றார். "மஞ்சக் கரை ஒனக்கு எடுப்பா இருக்கு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எரிகிற கழுத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டே, கரை நன்றாகத் தெரியும்படி முந்தானையை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டேன்.