விளிம்பில் ஒரு வெளுப்பு

என் தங்கை வீட்டுக்காரர் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். பழைய தங்கக் காசு சேர்ப்பவர்களுக்கு அசலா போலியா என்று பார்த்துச் சொல்வதும், அப்படியே வாங்கி விற்பதும் அவர் பிழைப்பு. மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு தராசு, ஒரு பூதக்கண்ணாடி. காசு சேர்ப்பவர்களில் பாதிப் பேர் முட்டிவலிக்காரர்கள். படியேறி வந்து, மூச்சு வாங்கி முடித்துத்தான் வாயே திறப்பார்கள். அதனால் தெருவோரக் கடை ஒன்றுக்கு முன்பணம் கொடுக்க, புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

பழைய காசில் தங்கத்துக்கு ஒரு விலை. பழுது படாமல் இருந்ததற்கு அதைவிடப் பல மடங்கு விலை. எவரோ எப்போதோ அதை மோதிரத்தில் பற்றவைத்திருந்தால், அசலே ஆனாலும் சேர்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் நல்ல காசைச் சோதனை நிலையத்தில் கொடுத்துத் தரம் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து வாங்குவார்கள். பெட்டியை உடைத்தால் போட்ட தரம் செல்லாது.

அப்படிப் பெட்டியிலிருந்த ஒரு காசை, புருஷனை இழந்த டீச்சரம்மா ஒருவர் விற்கக் கொண்டுவந்தார். வாங்கப் பல் டாக்டர் ஒருவர் தயாராக இருந்தார். மாப்பிள்ளை தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் விளிம்பில் கடுகளவு வெளுப்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. பற்றவைத்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள் என்று சாதித்தார்.

டீச்சரம்மா லேசுப்பட்டவர் இல்லை. "தாராளமா உடைச்சுப் பாருங்க. கோளாறுன்னா நான் எடுத்துட்டுப் போறேன். நல்லா இருந்தா, பெட்டியோட என்ன விலையோ அந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கணும்."

மறுநாள் என் பட்டறைக்குத் தங்கை போன் போட்டாள். "அண்ணே, அவர் அங்கதான் வர்றார். ரம்பம் இல்லைன்னு சொல்லிடுங்க."

"கடைசல் பட்டறையில ரம்பம் இல்லைன்னா யாரும்மா நம்புவா?"

"அப்போ உடைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. அந்தப் பணம் போனா கடை போச்சுண்ணே!"

போனை வைக்கவில்லை, ஆள் வாசலில் நிற்கிறார்.

"ஏன் மாப்பிள்ளை, அத்தனை பேர் பார்த்து சீல் வெச்சது உங்க கண்ணுக்கு மட்டும் ஆகாதா?"

"அவங்க பார்த்தாங்க மச்சான், சரி. ஆனா டாக்டர் என்னைத்தானே கேப்பார்? தலையாட்டக் கழுத்து வரமாட்டேங்குது. சோறே இறங்கலை."

"பசிச்சா தானா இறங்கும். என் தங்கச்சி வாயில என்னை மாட்டிவிடாதீங்க."

"நீங்க அறுக்கலைன்னா நான் சுத்தியலால அடிப்பேன்."

செய்யக்கூடிய ஆள்தான். துணி சுற்றிப் பெட்டியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, நுணுக்குப் பல் ரம்பத்தை எடுத்தேன். காதுக்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். "வெளிய போய் நில்லுங்கய்யா, கை ஆடுது" என்று விரட்டினேன். வாசலில் கூண்டுப் புலி மாதிரி நடந்தார். மூடி கழன்ற சத்தம் கேட்டதும் உள்ளே பாய்ந்தார்.

காசை விளிம்போடு பிடித்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் மெல்ல உருட்டினார். மறுபடி உருட்டினார். ராவிய தடமும் இல்லை, வெளுப்பும் இல்லை. பிறகு அறுத்த மூடியை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார். பிளாஸ்டிக்குக்குள் ஒரு பொடிக் குமிழி. அதுதான் அத்தனை நேரமும் விளிம்பின்மேல் உட்கார்ந்து வெளுப்புக் காட்டியிருக்கிறது.

"நல்ல காசு மச்சான். மோதிரத்துப் பக்கமே போகாத காசு." சாவுச் செய்தி சொல்கிற குரல்.

அன்று சாயங்காலமே டீச்சரம்மாவுக்கு முழுப் பணமும் போய்விட்டது. பல் டாக்டர் படியேறி வந்து, மூச்சு வாங்கி, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொன்னா நான் நம்புறேன். நாளைக்கு என்கிட்ட வாங்கறவன் உங்களை நம்பணுமே?" வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ராத்திரி என்ன ஆகுமோ என்று நானும் கூடவே அவர் வீட்டுக்குப் போனேன். தங்கை சத்தம் போடவில்லை. காசை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"கடை நல்லா மின்னுதுண்ணே. உள்ள போய் உக்காரத்தான் இடமில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். திரும்பச் சோதனைக்கு அனுப்பினால் அதே தரம் கொடுப்பார்களா, ஒரு படி குறைத்துவிடுவார்களா என்று என்னையே கேட்டார். இரும்பு அறுக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? உட்காருங்கய்யா என்றேன். உட்காரவில்லை.