சின்னப்பையன் ஆட்டோவுக்கு விமான டயர்

பட்டாபிராமில் என் கை படாத டயர் கிடையாது. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டியே மூணு மாடி எழுப்பியிருக்கேன். ஆனா இது என் கதையில்லை, என்னைப் பத்தித்தான் ஊரே பேசுதே. இது ஷேர் ஆட்டோ ஓட்டுற சின்னப்பையன் கதை. பேருதான் அப்படி, ஆள் பேரன் எடுத்துட்டான்.

ஸ்டாண்டு சங்கத்துக்குத் தலைவர் ஆகணும், அது ஒண்ணுதான் அவன் ஆசை. குறுக்கே நின்னது அவன் ஆட்டோவேதான். மழைத்தண்ணியில் இறங்கினா முன்சக்கரம் வாரியடிக்கிற தண்ணி நேரே பின்னாடி இன்ஜினுக்குள்ளே போயிடும். வண்டி படுத்துடும். "வண்டியையே நகர்த்தத் தெரியாதவன் சங்கத்தை எங்கே நகர்த்துவான்?" என்று எதிர்த்து நின்ற உதயகுமார் டீக்கடை டீக்கடையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். தேர்தலோ ஐப்பசியில்.

"அண்ணாத்தே, இன்னா பண்றதுன்னே தெர்ல. நீதான் எதுனா பண்ணணும்" என்று என்கிட்ட வந்தான். வேற யார்கிட்டப் போவான்?

ஆவடிப் பக்கம் ஒரு காயலான் கடையில், கழிச்சுப் போட்ட விமான டயர் பார்த்திருக்கேன். முன்சக்கரத்து டயர். பக்கவாட்டில் சுத்திலும் ரப்பர் உதடு மாதிரி துருத்திக்கிட்டிருந்தது. ஓடுபாதை ஈரமா இருந்தா சக்கரம் கிளப்புற தண்ணி பின்பக்க இன்ஜினுக்குள்ளே போயிடக் கூடாதாம், உதடு அதை ஓரமாத் தள்ளிவிடுமாம். கடைக்காரன் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே எனக்கு விளங்கிடுச்சு. முன்னாடி சக்கரம், பின்னாடி இன்ஜின். விமானத்துக்கும் ஆட்டோவுக்கும் றெக்கைதானே வித்தியாசம்?

சின்னப்பையன் டயருக்கும் ரெண்டு பக்கமும் உதடு வச்சு, வேகவச்சு ஒட்டிக் கொடுத்தேன்.

தேர்தலன்னிக்குக் காலையிலேர்ந்து மழை. ரோட்டோரமா, வெள்ளை வேட்டியில் ஓட்டுப்போட வரிசை நின்னது. உதயகுமார் வண்டி தண்ணியில் நின்னுபோய், தள்ளிக்கினு வந்தான். பின்னாலேயே வந்தான் பாருங்க நம்மாளு! அதே தண்ணியில் இன்ஜின் ஒரு இருமல்கூட இருமலை. எல்லாரும் பார்க்கட்டும்னு வேகத்தை வேற கூட்டினான். உதடு தன் வேலையைச் சுத்தமாச் செஞ்சது. தண்ணி ரெண்டு பக்கமும் விசிறியா விரிஞ்சு, வரிசையில் ஒருத்தன் பாக்கியில்லாம நனைச்சுது.

"டேய், ஊட்லயே குளிச்சிட்டுத்தாண்டா வந்தோம்!"

விமானம் ஓடுற பாதையோரம் யாரும் ஓட்டுப்போட நிக்கிறதில்லை, அதை நான் யோசிச்சிருக்கணும்னு சிலர் சொல்றாங்க. வரிசையை அங்கே நிக்கச் சொன்னது நானா?

உதயகுமார் ஜெயிச்சான். மாலை விழுந்தது. ஊர்வலம் கிளம்பணும், ஆனா ஸ்டாண்டில் இருந்த வண்டியெல்லாம் தண்ணி குடிச்சுக் கிடந்தது. ஓடுற வண்டி ஒண்ணே ஒண்ணுதான்.

"ஏறு தலைவரே, நான் இட்டுனு போறேன்" என்றான் சின்னப்பையன், முகத்தில் ஒரு வருத்தமும் காட்டாம. "தலையை நல்லா வெளியே நீட்டிக் கும்பிடு. ஜனங்க பாக்க வேணாமா?"

தலைவர் ரெண்டு பக்கமும் கும்பிட்டுக்கினே போனார். பதிலுக்குக் கும்பிட ஓரமா வந்தவங்க அத்தனை பேரும் தொப்பலா நனைஞ்சாங்க. திட்டு பூரா மாலையும் கழுத்துமா இருந்த தலைவருக்கு. வெள்ளானூர் வரைக்கும் சின்னப்பையன் பிரேக்கைத் தொடவே இல்லை.