ரூத் வீட்டு அடுப்பில் நெத்தலி

லண்டனில் கருவாடு பொரித்தால் மணி அடிக்கிறது. பார்வதியக்கா அகதி விடுதிச் சட்டியில் சுறாக் கருவாட்டைப் போட்டதும் கூரையில் ஒட்டியிருந்த வட்டப்பெட்டி, புகை பட்டால் கத்தும் மணி, அலற ஆரம்பித்தது. விடுதியே குளிரில் தெருவுக்கு வந்தது, பின்னாலேயே தீயணைப்பு வண்டி. அங்கே நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உதித்தது: ரூத் வீட்டு அடுப்பு!

அக்கா இலங்கையில் எங்கள் இரத்தோட்டைப் பக்கம்தான். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயம், குடியிருந்த வரிசை வீடு, எரிந்தபின் வந்தவர். விடுதியின் அவித்த உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்காமல் பாதியாக இளைத்துவிட்டார். "என்னையத் திருப்பி அனுப்பச் சொல்லிரு தம்பி. எரிஞ்ச லயத்துல கெடந்தாலும் ருசியா நாலு வாய் திம்பேன்" என்றார். விளையாட்டில்லை. மறுநாளே குடிவரவு அதிகாரியிடம் போவதாக இருந்தார்.

ரூத், விடுதிக்கு உடுப்புக் கொண்டுவரும் யூதக் கிழவி. ஹிட்லர் காலத்தில் சிறுமியாகத் தனியே ரயிலேறி வந்தவர். நிவாரணக் குழுச் சீமாட்டிகள் அன்போடு பன்றி சொசேஜ் பரிமாறினார்களாம். யூதர்களுக்கோ பன்றி விலக்கு. "நன்றி சொல்லிவிட்டுக் காலுறைக்குள் ஒளித்துவிடுவேன். ஊர் நாய்களுக்கெல்லாம் என்மேல் காதல்" என்றார் ஒருநாள்.

எனக்குக் கலவரத்தில் நாங்கள் ஒதுங்கிய மாத்தளைப் பள்ளிக்கூட முகாம்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்குச் சோறு போட்டவர்கள் கடைத்தெரு முஸ்லிம் வியாபாரிகள்; அண்ணன் என்பதற்கு அவர்கள் வழக்கப்படி 'நானா' என்போம். இந்துக்களாயிற்றே என்று மாட்டிறைச்சியோடு மீனையும் சேர்த்து விலக்கி, மூன்று வேளையும் பருப்பு, பூசணிக்காய். பெருமாள் மாமாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏன் நானா, நாங்க என்ன மாலையா போட்டிருக்கோம்? ஒரு கருவாட்டக் கண்ணுல காட்டுங்களேன்!"

"யா அல்லாஹ்! மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" சோறு கொண்டுவந்த நானா தலையில் கைவைத்தார். அன்று மாலை முகாமே மணத்தது. கொடுப்பவர்கள் நல்லவர்கள்தான்; என்ன வேண்டும் என்று கேட்கத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, மிச்சச் சுறாவோடு ரூத் வீட்டு வாசலில் நின்றோம். பொட்டலத்தை முகர்ந்தவர் மூக்கைச் சுளிக்கவில்லை. "இதற்குச் செதில் உண்டா?" என்றுதான் கேட்டார். யூத வழக்கப்படி செதிலில்லாத மீன் அவர் அடுப்பில் ஏறாதாம்; சுறாவுக்கு ஏது செதில்! நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா சிரித்தார், வந்ததிலிருந்து முதல்முறையாக. "நம்ம மாரியம்மன் கோயில் ஐயரே தேவல போலயே! சரி, நெத்தலி ஆகுமான்னு கேளு."

ஆகுமாம். ஆனால் சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அவர் அடுப்பு மூட்டமாட்டார், ஞாயிறு வரவேண்டும்.

"அதிகாரிக்கிட்ட எப்பக்கா போறோம்?" என்றேன் திரும்பும் வழியில்.

"நெத்தலி வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாத்துக்கலாம்."

சுறாப் பொட்டலம் இப்போது விடுதிச் சன்னலுக்கு வெளியே, கயிற்றில் பனியில் நனைந்து தொங்குகிறது. உள்ளே பொரித்தால் மணி அடிக்கும். எறியவோ அக்கா விடமாட்டார். நான் பங்களாதேஷ்காரர் கடைக்கு நெத்தலி தேடிக் கிளம்புகிறேன்.