களவெட்டியில் கேட்ட கேள்வி

எங்கள் முல்லைக்காரர் மூச்சு விடும் விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வரம்பில் பத்துப் பன்னிரண்டு எட்டு வைப்பார். பிறகு நின்று, கம்பை இரண்டு கையாலும் ஊன்றி முன்னால் சாய்ந்து, குப்பி விளக்கை அணைக்கப் போகிறவர் போல உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவார். ஊதி முடிய வெகுநேரம் எடுக்கும். உள்ளே இழுப்பதோ ஒரு நொடிதான். அப்போது கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு குழி விழும், தோள்கள் காதுவரை ஏறும். அடுத்த கணம் ஒன்றுமே நடக்காதது போல நடையைத் தொடருவார். இப்படியே வவுணதீவுப் பக்கம் எங்களுக்கிருந்த வட்டை என்கிற வயல்வெளி முழுவதையும் காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் சுற்றி வந்துவிடுவார்.

மட்டக்களப்பில் வயல்களுக்குச் சொந்தக்காரர் போடியார். அவருக்காக வயலையும் ஆட்களையும் கவனிப்பவர் முல்லைக்காரர். போடியாரான என் தகப்பனார் வாதத்தில் விழுந்து படுக்கையானது யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன்னால். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தலைக்கனத்தோடு, இருபத்து மூன்று வயதில் நான் வயலுக்கு வந்தேன். வந்த இடத்தில் என் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் ஆட்கள் முல்லைக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்த பிறகுதான் மண்வெட்டி எழும். எனக்கு அது பொறுக்கவில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. குறை சொல்ல வேறொன்றும் கிடைக்காததால் அவருடைய மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. அறுத்த கதிரை மாடுகளால் சூடு மிதித்துப் பிரித்த நெல்லைத் தூற்றும் நாளில் முல்லைக்காரர்தான் அவுரி என்கிற மரத்தாங்கியின் மேல் ஏறி, முதல் சுளகைத் தலைக்கு மேலே தூக்கிக் காற்றில் சொரிய வேண்டும். அந்த வருடம் அறுவடைக்கு முன் அவர் என்னை வரம்பில் நிறுத்தித் துண்டு துண்டாகச் சொன்னார்: "நடக்கச் சொன்னா தோணித்துறை வரைக்கும் நடப்பன், தம்பி. கம்பில கை ஊண்டி இருந்தாக் காணும். கைய மேல தூக்கினாத்தான் மூச்சு வருகுதில்ல. இந்த முறை என்ட மருமகன் தூத்தட்டும்." நாள் முழுக்க நடக்கிற மனிதருக்குக் கையைத் தூக்க மட்டும் என்ன கேடு என்று எண்ணினேன். நடிப்பென்று முடிவு கட்டினேன்.

சூடு மிதிக்கும் களத்தைக் களவெட்டி என்போம். எங்களுக்கு அது கோயில் மாதிரி. செருப்போடு உள்ளே போகக் கூடாது. 'இல்லை', 'ஏலாது', 'காணாது' என்று முடியாமையையோ போதாமையையோ சொல்லும் எந்தச் சொல்லும் அங்கே வாயில் வரக் கூடாது. வந்தால் விளைச்சல் குன்றிவிடும் என்பது நம்பிக்கை. அவற்றுக்குப் பதிலாக, பெருகட்டும் என்கிற பொருளில் 'பொலி' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

தூற்றும் நாளன்று கச்சான் காற்று நன்றாக அடித்தது. மருமகன் சுளகோடு அவுரியடிக்குப் போனபோது நான் அவனைத் தடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி முல்லைக்காரரிடம், "முதல் சுளகு உங்கட கையாலதானே? ஏறுங்க" என்றேன். அவர் கம்பைச் சாத்திவிட்டு ஏறினார். ஒரு சுளகு தூற்றினார். பதர் பறந்தது, இருமினார். இறங்கக் காலை எடுத்தவரிடம் நான் கேட்டேன்: "ஏன் இறங்குறீங்க? இன்னும் தூத்துவீங்கதானே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் இது என்னை அரித்திருக்காது. "பொலி, தம்பி" என்றார். அடுத்த சுளகுக்குக் கையை நீட்டினார். மருமகன் முன்னுக்கு வர, மீண்டும் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆறாவது சுளகில் உதடுகள் நீலமாகிவிட்டன. ஏழாவதைத் தலைக்கு மேல் கொண்டுபோனவர் அப்படியே நெற்குவியல் மேல் சரிந்தார்.

வண்டியில் போட்டுத் துறைக்குக் கொண்டுபோய், தோணியில் ஆற்றைக் கடந்து பட்டணத்து ஆசுப்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சு பழுதான ஆளுக்குத் தோள் தசைகளும் சேர்ந்துதான் மூச்சை இழுத்துக் கொடுக்கின்றன என்று டாக்குத்தர் விளக்கினார். கையை ஊன்றியிருக்கும் மட்டும் அவை மூச்சுக்கு உதவும். கையை உயர்த்தினால் அதைத் தாங்கவே அவற்றுக்குச் சரியாகிவிடும். முல்லைக்காரர் வரம்பில் சொன்னது இதைத்தான். வீட்டுக்குத் திரும்பியும் அவர் எழுந்து நடக்கவில்லை. மாரி விதைப்புக்கு முன்னே போய்விட்டார். செத்த வீட்டில் அவருடைய மனைவி என்னிடம், "உன்னில கோவமில்ல மனே. களவெட்டிக்குள்ள வெச்சுக் கேட்டா அந்த மனிசன் என்னத்தச் சொல்லும்?" என்றார். என்னால் நிமிர முடியவில்லை. ஆனாலும் அடுத்த வாரமே என் சொல்லைக் கேட்கிற ஒருவனை முல்லைக்காரனாக்கினேன்.

இப்போது அறுவடை மெசின் வந்து ஒரு பகலில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. புது நெல்லில் ஆக்கிய புதிர்ச் சோறு உண்ண உட்காரும்போது என் மகன் தன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வான்: போடியாராகிய நான் மன்றாடியும் கேளாமல், விசுவாசத்தால் அவுரியைவிட்டு இறங்க மறுத்த முல்லைக்காரரின் கதை. அதை யார் கட்டினார்கள் என்று தெரியாது. நான் ஒரு முறையும் திருத்தியதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.

மேலே நான் எழுதியதிலும் ஒரு பொய் உண்டு. நடிப்பென்று முடிவு கட்டியதாகச் சொன்னேன். வரம்பில் அவர் சொன்னதை நான் அப்போதே நம்பிவிட்டேன். நம்பியதால்தான், ஏலாது என்று அவர் சொல்லவே முடியாத இடத்தில் வைத்து அதைக் கேட்டேன்.