வீசிங் என்று சொல்லிக்கொண்டோம்

முதல் தடவை அது வந்தபோது நான் எதிரணியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில் சாயங்காலக் கபடிப் பயிற்சி. ரெய்டு போய், பாடிக்கொண்டே போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினேன். பாட்டு பாதியில் நின்றுவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. இதோ சாகப்போகிறேன் என்று தோன்றியது. அதுவரை யாரும் என்னைத் தொடக்கூட இல்லை.

"பாட்ட வுட்டுட்டா, அவுட்டு!" என்று எதிரே நின்ற தோழிகள் கத்தினார்கள். நியாயமான தீர்ப்புதான். கபடியில் எதிராளியின் மண்ணில் நின்று மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது. இழுத்தவள் வெளியே போக வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து என் உடம்புக்கு நான் ஊட்டி வளர்த்த பாடம் அது.

எங்கள் ஊரில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பல், தூசி, வீசிங். முடிந்தது கதை. பயிற்சியாளரும் அதையேதான் சொன்னார். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி, நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை. "நம்ம ஊரு நோவுதாம்மா, எல்லாருக்கும் வந்துகினுதான் இருக்கு, பயப்படாத" என்றார் அப்பா. நானும் ஒருவழியாக ஊரோடு சேர்ந்துவிட்டேன் என்று அவருக்குத் திருப்தி போலிருக்கிறது.

பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். "வீசிங்குங்க" என்று அம்மாவே டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். வெளியே கூட்டம். டாக்டரும் மறுக்கவில்லை. நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் கருவி) வைத்தார்கள், கையில் ஓர் இன்ஹேலர் (வாய்வழி உறிஞ்சும் மருந்து) கொடுத்தார்கள்.

அதை உறிஞ்சினால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும், கை நடுங்கும். நடுங்கினால் பயம். பயந்தால் மூச்சு முட்டும். முட்டினால் மறுபடி இன்ஹேலர். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன், மாதக்கணக்கில். தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. குளிக்கக்கூட யாராவது பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

எதற்காக இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஆடினேன் என்று கேட்பீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பெர்மனன்ட் ஆனதில்லை. தாத்தா ஊரார் நிலத்தில் கூலி, அப்பா காண்ட்ராக்ட். அம்மாவின் கண் ஆபரேஷன், வீட்டுக் கூரை, என் கல்யாணம், எல்லாமே "செலக்சனுக்கு அப்புறம்" என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தன. என் கால்கள் என்னுடையவையாக இருக்கவில்லை. வீட்டிலிருந்த அத்தனை பேரும் அவற்றின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசியில் கடலூரில் ஒரு நுரையீரல் மருத்துவர் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த நுரையீரல வெச்சுகிட்டு வீசிங்கா? மாடில மனநல டாக்டர் இருக்காங்க. ஒரு தடவ பாத்துடுங்க."

மாடி நடையில் பெஞ்சுகள் போட்டிருந்தன. அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா என்னாடி சொல்றது?" என்றார். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருமே சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

மனநல மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். எனக்கு இருப்பது பேனிக் டிஸார்டர் (காரணமின்றித் திடீரென்று உடம்பு முழுவதும் பாயும் பதற்றநோய்), கூடவே மனச்சோர்வு என்றார். இன்ஹேலரை நிறுத்தச் சொல்லி மாத்திரை எழுதினார். பிறகு, "உன்ன எது அழுத்துது? ஒன்னொன்னா சொல்லும்மா" என்றார்.

திருவதிகைப் பக்கம் ஒரு போட்டி நடந்ததைச் சொன்னேன். ஜெயித்தது எங்கள் அணி. ஊர்ப் பெரிய வீட்டம்மா ஒருவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் தோளில் சால்வை போர்த்தினார். என் முறை வந்தபோது சால்வையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நான் முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் காலனிப் பெண். அதற்காகவா? "ஆம்பளையாட்டம் தோளு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்களே, அதற்காகவா? டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண்களைப் போல நல்ல ஷூ இல்லாமல் நின்றதாலா? இல்லை, அவருக்குக் கைதான் வலித்ததா? சற்று முன்னால் அதே மண்ணில் என் காலைக் கட்டிக்கொண்டு நாலு பேர் புரண்டார்கள். அப்போது யாருக்கும் எந்தத் தீட்டும் இல்லை.

"அது எதுன்னு தெரிஞ்சா அதோட சண்ட போட்டுடுவேன் மேடம். ஒன்னொன்னா வரல. எல்லாம் சேந்துதான் வருது" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா" என்றார். அன்று முழுவதும் நான் கேட்டதிலேயே நேர்மையான பேச்சு அது.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். வயிறு உப்ப மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். எல்லோருக்கும் எளிதாம். என் உடம்பு ஒப்புக்கொள்ளவே இல்லை. இழுக்கும்போதெல்லாம் யாரோ விசில் ஊதி என்னை வெளியே அனுப்புவதாக இருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி மூச்சு முட்டினால் ஒன்று சொல்கிறேன். நோயின் பெயரை நீங்களே டாக்டரிடம் சொல்லாதீர்கள். உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். இதற்குமேல் அறிவுரை என்னிடம் இல்லை.

மாத்திரை பிடிக்கத் தொடங்குவதற்குள் செலக்சன் வந்துவிட்டது. அப்பா கூட வந்தார். "யாராச்சும் கேட்டா வீசிங்னுகூட சொல்லாத. ஒன்னுமில்லன்னு சொல்லு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளரங்கம், பளபளவென்று மேட் விரித்திருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுக்கோடு வரை போனேன். அதைத் தாண்டக் கால் வரவில்லை. "போம்மா! போ!" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து அப்பா கத்தினார். பிறகு அவர் சத்தமும் நின்றுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா, "அங்க தூசி ஜாஸ்திம்மா" என்றார்.

துடைத்துவிட்ட கண்ணாடி போலிருந்த இடம் அது. "ஆமாப்பா" என்றேன்.

இப்போது பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரை தொடர்கிறது. பதற்றம் வருகிறது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது. முன்பெல்லாம் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது. இப்போது கடைக்குப் போகலாமா, பஸ் ஏறலாமா என்று நான் அதனிடம் கேட்டுக்கொண்டு நடக்கிறேன். சில நாள் போகலாம் என்கிறது. "அப்புறம்" என்ற காலம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். அது நிம்மதியா நஷ்டமா என்று தெரியவில்லை.

போன வாரம் அப்பா முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே, "அடுத்த செலக்சனுக்குள்ள சரியாயிடுமில்லம்மா?" என்றார்.

"ஆயிடும்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த வேலைக்கான வயது வரம்பை நான் தாண்டிவிட்டேன் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஏன்டி அப்பிடி சொன்ன?" என்று அம்மா கேட்டார்.

"வேற என்னாம்மா சொல்றது?"