மாற்றித் தருவதாகச் சொன்ன சோலைவரி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரு தோல் பெட்டி, இடுப்பில் கட்ட நாலைந்து சாரன், வசதி இருந்தால் ஒரு சைக்கிள், அவ்வளவோடு வந்து சேருவார். வீடு பெண்ணுடையது. அதைக் கட்டிக் கொடுப்பது அவளுடைய வாப்பாவின் கடமை. கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து தெற்கே எந்த முஸ்லிம் ஊருக்குப் போனாலும் இதுதான் வழக்கம். மகளுக்கு வீடு கொடுக்காதவன் என்று பேர் எடுத்த மனிதன் பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கவும் கூசுவான். எங்கள் வாப்பாவுக்குப் பெண்பிள்ளைகள் மூன்று பேர். நான் மூத்தவள்.

எனக்குக் கலியாணம் முடிந்தது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்திய வருடம். வாப்பா வேளாண்மையில் வந்ததையெல்லாம் கொட்டி, பெரிய ரோட்டுக்குக் கிட்ட எனக்கு ஓட்டு வீடு கட்டித் தந்தார். சபையிலிருந்து ஆள் வந்து வீட்டை மதிப்பிட்டு, கதவு நிலையில் கறுப்புப் பெயின்டால் இலக்கம் எழுதிவிட்டுப் போனார். வீட்டுக்காகச் சபைக்குக் கட்டுகிற சோலைவரியின் துண்டு என் பெயரில் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் பெயரை ஒரு கடதாசியில் நான் கண்டது அதில்தான். எங்களூரில் பாதி வளவுகளுக்கு நிலம் இன்னாருடையது என்று காட்டும் உறுதிப் பத்திரம் கிடையாது. வரி யார் பேரில் வருகிறதோ வீடு அவருடையது, அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். ஒரு சட்டத்தரணியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் யார் போய்க் கேட்டது?

இரண்டாவது தங்கைக்கென்று வாப்பா கடற்கரைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த வீட்டைச் சூறாவளி தின்றுவிட்டது. தென்னை மரங்கள் குறுக்கே விழுந்து, சுவர்கள் இடுப்பளவுக்கு மட்டும் நின்றன. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்த வாத்தியார். அவருடைய வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: வீடு கட்டி முடித்ததாக இருக்க வேண்டும், ரோட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடு வாப்பாவின் கையில் ஒன்றுதான் இருந்தது. அதில் நான் குடியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா நேரே என் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மகள், இந்த ஊட்டத் தங்கச்சிக்கு உட்டுக் குடுப்பமா? உனக்கு வயல் பக்கத்து வளவுல இதவிட வடிவா கட்டித் தாறன். சோலவரியையும் அங்க மாத்தித் தாறன். உன்ட பேர், இதே கணக்கு, எல்லாம் அப்படியே அந்த ஊட்டுக்குப் போகும். நீ ஒண்டுக்கும் யோசிக்காத."

நான் யோசிக்கவே இல்லை. தேத்தண்ணி ஆறுவதற்கு முன்பே ஓம் என்றுவிட்டேன். வாப்பாவுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று பேரில் வாப்பா என்னிடம்தான் கேட்டார் என்ற பெருமை.

என் கணவர் மருதமுனைக்காரர். அவருடைய வீட்டில் நெசவு, இவர் கல்முனைச் சந்தைக்குக் கிட்ட சாரன் கடை வைத்திருந்தார். நறுக்காகப் பேசுகிற மனிதர். "முதல்ல புது ஊட்டுக்குப் பேர எழுதட்டும், அதுக்குப் பிறகு எழும்புவம்" என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "வாப்பாவ நம்பாம வேற ஆர நம்புற? நீங்க சாரன் விக்கிற மாதிரியா இது?" என்று கேட்டேன். அவர் அன்றைக்கு வாயை மூடியவர்தான்.

அடுத்த கிழமையே வாப்பா என்னைச் சபைக் கந்தோருக்குக் கூட்டிப் போனார். தங்கையின் பெயருக்கு வரியை மாற்றுவதற்கு என் கைச்சாத்து வேண்டியிருந்தது. கிளாக்கர் காட்டிய இடத்தில் போட்டேன். பிறகு வாப்பா, "நீ வெளிய இரி மகள், உன்ட அலுவலையும் நான் கதைச்சிட்டு வாறன்" என்றார். நான் வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவரும் கிளாக்கரும் பேசுவது கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. வாப்பா சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"சொல்லிட்டன். புது ஊடு முடியட்டாம். மாத்தித் தருவாங்க."

தங்கையும் வாத்தியாரும் என் பழைய வீட்டில் குடியேறினார்கள், புது வீடு முடியும்வரை நாங்கள் வாப்பா வீட்டில் இருந்தோம். புது வீட்டின் சுவர்களை வாப்பா எழுப்பினார். கூரைக்கு வந்தபோது அவரிடம் காசு இல்லை என்றார், என் காப்புகள் போயின. கிணறு கட்டியது கணவரின் கடைக் காசில். நிலத்துக்கு மண் சுமந்தது, மட்டம் பிடித்தது, முற்றத்தில் முருங்கையும் மாதுளையும் வைத்தது எல்லாம் நான். அங்கேதான் என் இரண்டு பெண்பிள்ளைகளும் பிறந்தார்கள். வயல் காற்று வரும், வெள்ளம் வந்தால் தவளையும் வரும். எனக்கு அந்த வீட்டைப் பிடித்துப்போனது. முதல் வீட்டை நினைக்கிற வழக்கமே விட்டுப்போனது.

வரித் துண்டு மட்டும் வாப்பாவின் பெயரில் வந்தது. வளவு அவருடையது என்பதால் மதிப்பிட வந்தவர் அவர் பெயரையே எழுதிக்கொண்டு போயிருந்தார். நான் கேட்பேன். "ஓம் மகள், மாத்துவம்" என்பார். அடுத்த முறை கேட்டால் கிளாக்கர் லீவு. அதற்கடுத்த முறை வெள்ளாமை வெட்டு. பிறகு பழைய சபையையே கலைத்துவிட்டு அபிவிருத்திச் சபை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாப்பாவுக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. "இப்பதான் சபை மாறியிரிக்கி, அவங்களுக்கே ஒண்டும் விளங்குதில்ல" என்று இரண்டு வருடம் ஓட்டினார். வரியைக் கட்டியது நான்தான். கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக அலுமாரியில் வைத்தேன்.

இளைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது எனக்கு எல்லோரையும்விடச் சந்தோசம். அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். மாப்பிள்ளை சவூதியில். அவருடைய உம்மாவும் இரண்டு மாமிமாரும் ஒரு நாள் வருகிறார்கள் என்றும், விருந்தை என் வீட்டில் வைத்துக்கொள்வோம் என்றும் எங்கள் உம்மா சொன்னார். ஏன் என் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. என் வீடு காற்றோட்டமானது, முற்றம் பெரியது, அதற்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். வட்டிலப்பம் வைத்தேன், கோழி ஆக்கினேன், பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டையைப் போட்டுவிட்டேன்.

வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிட வீட்டைப் பார்த்ததுதான் கூட. மாப்பிள்ளையின் உம்மா நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றார். கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டார். "இல்ல மாமி, கோடையிலயும் நல்ல தண்ணி" என்றேன். அறைக்குள் போய்க் கட்டில் போட இடம் காணுமா என்று பார்த்தார். மழைக்கு ஒழுகுமா என்றார். "ஓடெல்லாம் புதுசு மாமி, சொட்டும் ஒழுகாது" என்று நானே பெருமையாகச் சொன்னேன். என் வீட்டை இவ்வளவு ஆசையாக யாரும் விசாரித்ததில்லை. விற்க வந்த தரகர் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்.

"நீங்க எப்ப மகள் இந்த ஊட்ட உடுவீங்க? கலியாணத்துக்கு முதல் வெள்ளையடிக்கணுமெல்லோ."

நான் எங்கள் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விறாந்தையில் இருந்த வாப்பாவைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். இளையவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். ஒரு சொல் நான் மாறிச் சொன்னால் வந்தவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள், பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். அந்தத் தலை குனிந்த பிள்ளைதான் அதைச் சுமக்க வேண்டும். என் வாயில் என்ன வருகிறது என்று தெரியாமலே சொன்னேன்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு மாமி."

அவர் மாஷா அல்லாஹ் என்று என் தலையைத் தடவினார்.

அவர்கள் போன பிறகு வாப்பாவின் முன்னால் போய் நின்றேன். கத்தவில்லை. "என்ன வாப்பா இது?" என்று மட்டும் கேட்டேன்.

"பின்னுக்குள்ள வளவு சும்மாதானே மகள் கிடக்கு. அதுல உனக்குக் கட்டித் தாறன். சோலவரியையும் அங்க மாத்தி..."

அந்தச் சொல்லையே அவர் திரும்பவும் எடுத்தார். என்னை எவ்வளவு பெரிய மடைச்சி என்று நினைத்திருந்தால் அதே கயிற்றை எடுத்து அதே கழுத்தில் போடுவார்! நான் உள்ளே போய்ப் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றினேன்.

மறுநாள் ரசீதுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனேன். சபை மாறினாலும் கிளாக்கர் மாறவில்லை, காரைதீவிலிருந்து வருகிற அதே மனிதர்தான். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"காசு கட்டினது நீங்கதான் தங்கச்சி, நான் இல்லையெண்டு சொல்லயில்ல. ஆனா பேர் உங்கட வாப்பாட. அவர் வந்து கைச்சாத்து வைக்காம எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

"முதல் ஊட்டு வரிய இதுக்கு மாத்தித் தாறதா அண்டைக்கு வாப்பாக்கிட்டச் சொன்னீங்களே?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். "ஒரு வீட்டு வரிய இன்னொரு வீட்டுக்கு மாத்திற வழக்கமே எங்கட சபையில இல்ல தங்கச்சி. பழைய வீட்டு மதிப்பு பழைய வீட்டோட. புது வீட்டுக்குப் புதுசா மதிப்பிடணும், வளவுக்காரர் எழுதித் தந்தா அதில உங்கட பேர் போடலாம். நீங்க வெளிய வாங்கில இருக்கக்குள்ள இதத்தான் அவருக்கு விளங்கப்படுத்தினன். அவர் பிறகு எழுதித் தாறன் எண்டுட்டுப் போனார்."

சிரித்த முகத்தோடு வாப்பா வெளியே வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். ரோட்டில் நடந்து வரும்போது அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. வாப்பா என்னை ஏமாற்றியது அவசரத்தில் இல்லை. இந்த வீட்டின் முதல் கல்லை வைக்கும்போதே அதை இளையவளுக்கென்று நினைத்திருக்கிறார். என் காப்புகளைக் கேட்டு வாங்கியதும் அந்த நினைப்போடுதான்.

நேரே அவரிடம் போனேன். கிளாக்கர் சொன்னதைச் சொன்னேன். இப்போதாவது வந்து கைச்சாத்து வைக்கச் சொன்னேன். இளையவளுக்குப் பின் வளவில் வீடு கட்டுவோம், நானும் கணவரும் சேர்ந்து கட்டித் தருகிறோம் என்றும் சொன்னேன். வாப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சாந்தமாகச் சொன்னார்:

"நான் உன்ன எழும்பச் சொல்லயில்லயே மகள். நீதான் வந்தவங்களுக்கு முன்னால பெருநாளைக்குப் பிறகு எண்டு வாக்குக் குடுத்தாய்."

குசினிக் கதவோரம் நின்ற உம்மா, "ஓம், நீயாத்தானே சொன்னாய் புள்ள" என்றார்.

குடும்பத்தின் மானத்தைக் காக்க நான் சொன்ன ஒரு சொல்லை எடுத்து என் வாசலை அடைத்துவிட்டார்கள். இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. வரியைப் பற்றிச் சொன்ன பொய்யைக்கூட மன்னித்திருப்பேன்.

பெருநாள் முடிந்தது. கணவரிடம், "மருதமுனைக்குப் போவம், உங்கட உம்மாட ஊட்டுக்கு" என்றேன். அவர் திகைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் பெண் மாமியார் வீட்டில் போய் இருப்பதில்லை. இருந்தால் அவளுக்கு வாப்பா வீடு கொடுக்கவில்லை என்று அர்த்தம். "ஆக்கள் கதைப்பாங்களே" என்றார். கதைக்கட்டும் என்றேன்.

வண்டிலில் அலுமாரியையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டிருக்கும்போது செய்தி கேட்டு வாப்பா ஓடிவந்தார். அவரை அப்படி நான் கண்டதே இல்லை, சால்வையும் இல்லாமல் வந்திருந்தார்.

"பின் வளவுக்குப் போ மகள். ஓலையாலயாவது ஒரு கொட்டில் போட்டுத் தாறன். மருதமுனைக்கு மட்டும் போகாத. எனக்கு ஊருக்குள்ள முகம் காட்ட ஏலாமப் போகும்."

நான் பிள்ளைகளை வண்டிலில் ஏற்றினேன். வண்டில்காரரிடம் வயல் பாதை வேண்டாம், பள்ளிவாசல் முன்னால் போகிற பெரிய ரோட்டால் போங்க என்றேன். லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் படியிறங்குகிற நேரம். வாப்பா வண்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கதைத்தபடியே கூட நடந்து வந்தார். பள்ளிவாசலடியில் வாப்பாவோடு தினமும் தொழுகிற ஒரு பெரியவர் வண்டிலை மறித்தார்.

"எங்க மகள், ஊட்டோட வெளிக்கிட்டுட்டீங்க?"

வாப்பா என் முகத்தைப் பார்த்தார். இந்த முறையும் நான் ஒரு சொல்லால் மூடி மறைப்பேன் என்று அவர் எதிர்பார்த்தது தெரிந்தது.

"மருதமுனைக்கு, மாமிட ஊட்டுக்குப் போறம்" என்றேன், படியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "எங்கட வாப்பா எனக்கு ஊடு தரல்ல."

வாப்பா வண்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.