மாமா வேண்டாமென்ற உயரப் பெட்டி

எங்கள் தாய்மாமன் எதற்கும் பயப்படாதவர் என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். நான்காம் வகுப்புக் கோடை விடுமுறையில், சேலத்துக்குப் பக்கத்தில் சரக்கு ரயில் நிற்கும் இடத்தில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர் அவர். திடீரென்று அதை மூடிவிட்டு, ரயிலில் வெள்ளைக்கல் ஏற்றி அனுப்பும் ஒரு முதலாளியிடம் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஏன் மூடினார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சோறு கொண்டுபோன அப்பாவுடன் நானும் தொற்றிக்கொண்டேன். ஒரு தடவை லாரி கவிழ்ந்த பிறகு அப்பா லாரி ஓட்டுவதில்லை. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூரையில்லாத இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டைவிட உயரம். கதவு திறந்திருந்த ஒன்றுக்குள் மாமா என்னைத் தூக்கிவிட்டார். நாலு பக்கமும் இரும்புச் சுவர், மேலே வானம் மட்டும். ‘ஓ’வென்று கத்தினேன், என் குரல் பெட்டியைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. சாமி கும்பிடத் தோன்றியது.

கீழே மாமாவோ அந்தப் பெட்டிதான் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது நிலக்கரிக்கு ஏற்ற உயரம். வெள்ளைக்கல் கனம், பாதி நிறைவதற்குள் பெட்டி தாங்கும் எடை வந்துவிடும். பக்கம் தாழ்ந்த பெட்டிகள் கேட்டு ரயில்வேக்கு எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் வரும். முதலாளிக்குக் காத்திருக்க மனமில்லை. உள்ளே பாதியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதுவரைக்கும் ஏற்றினால் போயிற்று என்றார்.

“கோடு போடறது பெருசில்லீங்க. மேல எடம் காலியாக் கெடந்தா கை சும்மா இருக்காதுங்க. மிஷின்ல இன்னும் ஒரு பக்கெட் அள்ளிப் போட்டாத்தான் என்னன்னு தோணுமுங்க” என்றார் மாமா.

இரண்டு நாளில் தாழ்ந்த பெட்டி வராவிட்டால் நீங்களும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். வேறு வேலை கைவசம் இல்லாத மனிதர் இப்படியா பிடிவாதம் பிடிப்பார்? இவ்வளவு பெரிய பெட்டியைப் பார்த்து மாமா பயந்துவிட்டார் என்று எனக்கு ஒரே வெட்கம். அப்பா கற்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னபடியே இரண்டு நாள் கழித்து, மூன்றாம் நாள் காலையில் நாங்கள் மறுபடி சோறு கொண்டுபோனபோது தாழ்ந்த பெட்டிகள் வந்திருந்தன. மாமாவின் நெஞ்சு உயரம்கூட இல்லாத பக்கங்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. கல்லைக் கொட்டக் கொட்ட, பெட்டி தாங்கும் எடையும் அதன் விளிம்பும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அதற்கு மேல் ஒரு கல் வைத்தாலும் உருண்டு கீழே விழும். அப்பா காலை இழுத்துக்கொண்டே போய் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“இதுல இன்னொரு பலகை ஏத்தி அடிக்க முடியாதுங்களே, மச்சான்.”

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை பெரிய பெட்டியே வாங்கிக்கலாம், அழாதீங்க மாமா என்று நானும் என் பங்குக்கு ஆறுதல் சொன்னேன்.

தொப்பூர் இறக்கத்தில் பாரம் தாங்காமல் அப்பாவோடு கவிழ்ந்த அந்த லாரியின் பாடியை, கூடுதல் பாரம் ஏற்ற ஒரு பலகை உயர்த்தித் தரச்சொல்லிக் கெஞ்சியவர் அப்பாவேதான், அடித்துக் கொடுத்தவர் மாமா என்பது எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் இருந்தது.